‘நானா’ என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்ததா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரர் 1990-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 24 வருடம் முடித்து 2014-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். 2003-ல் காஷ்மீரில் இரவு ரோந்து போனபோது ஓடைப் பள்ளத்தில் விழுந்து இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. உதம்பூரில் ஆபரேஷன் செய்தார்கள். அதிலிருந்து ஓய்வு பெறும்வரை லோ மெடிக்கல் கேட்டகிரிதான், அதாவது உடல் தகுதி குறைந்தவர் என்ற பிரிவு. வெளியே வரும்போது ராணுவ டாக்டர்கள் குழு பரிசோதித்த மெடிக்கல் போர்டில் 20 சதவீதம் என்று போட்டார்கள். ஆனால் டிஸ்எபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) கிடையாது என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதை ட்ரங்குப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். போன வருடம் மாற்றுத்திறனாளி அட்டைக்காக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே 45 சதவீதம் கொடுத்தார்கள். ஒரே காலுக்கு எப்படி இரண்டு கணக்கு? இத்தனை வருடம் கழித்துக் கேட்க முடியுமா? ஒரு ஏஜென்ட் 50 சதவீதப் பென்ஷன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார், வரும் நிலுவையில் பாதி தனக்கு வேண்டுமாம். இன்னொன்று, என் தம்பியும் பட்டாளத்தில் இருக்கிறான். யூனிட்டில் வாலிபால் ஆடும்போது கணுக்கால் பிசகி வீங்கிக் கிடக்கிறது. புரமோஷனுக்கான பயிற்சி, கேடர் வருகிறது, இப்போது போய்ச் சொன்னால் கேட்டகிரி ஆக்கிவிடுவார்கள் என்று மறைத்து வைத்திருக்கிறான். என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்

பதில்:

அம்மா, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களின் படங்களையும் படித்தேன். 20-ஆ 45-ஆ என்பதுதான் உங்கள் மனதில் ஓடுகிறது. ஆனால் பென்ஷனை நிறுத்தியது அந்த எண் இல்லை. 20 சதவீதம் இருந்தாலே போதும், கதவு திறந்துவிடும். உங்கள் வீட்டுக்காரருக்குக் கதவை மூடியது அதே தாளில் வேறொரு கட்டத்தில் இருக்கும் நான்கு ஆங்கில எழுத்துகள்: என்.ஏ.என்.ஏ.

இதைப் படையில் ‘நானா’ என்றே சொல்வார்கள். ‘பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல’ என்று அர்த்தம். நம் பையன்கள் இதை வைத்து ஒரு ஜோக் சொல்வதுண்டு. “சாப், என் காலை உடைச்சது யாரு? நானா?” கேட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த ‘நானா’வை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று என்பதால், பின்னால் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

மெடிக்கல் போர்டு இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறது. உடம்பில் எவ்வளவு குறை இருக்கிறது என்பது ஒன்று. அந்தக் குறை எதனால் வந்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சதவீதம் பதில். இரண்டாவதற்கு மூன்றே பதில்கள்தான் உண்டு: பணியால் வந்தது, வேறு எதனாலோ வந்து பணியால் மோசமானது, இரண்டும் இல்லை. முதல் இரண்டில் ஒன்று, கூடவே குறைந்தது 20 சதவீதம், இவை சேர்ந்தால் பென்ஷன் உண்டு. மூன்றாவது பதில் விழுந்துவிட்டால் சதவீதம் 80 என்றாலும் டிஸ்எபிலிட்டி பென்ஷன் கிடையாது. வீட்டில் எல்லோரும் சதவீதத்தைப் பற்றியே பேசுவார்கள். காரணக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை.

சரி, முதலில் அந்த 20-க்கும் 45-க்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே சரியாக இருக்கலாம். மாவட்ட மருத்துவமனை கொடுத்தது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி. அந்தச் சட்டத்தில் 40 சதவீதம் என்பதுதான் முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் வேலை இடஒதுக்கீடு மாதிரியான சலுகைகள். அங்கே கை கால் குறையை அளக்க வேறு சூத்திரம், வேறு கையேடு. ராணுவ போர்டில் பார்ப்பது, அதே வயதுள்ள ஆரோக்கியமான ஒரு ஆணோடு ஒப்பிட்டால் இந்த மனிதனின் உடம்பு எவ்வளவு வேலைக்கு ஆகாமல் போயிருக்கிறது என்று. அதற்கு ராணுவ மருத்துவர்களுக்கென்றே ஒரு கையேடு இருக்கிறது. 2002-ல் வந்தது, 2008-ல் திருத்தப்பட்டது. உங்கள் வீட்டுக்காரருக்கு அளந்தது அதை வைத்துத்தான். போதாக்குறைக்கு, 2014-ல் இருந்த முழங்கால் இல்லை இப்போது இருப்பது. ஜவ்வு போன முழங்கால் வருடத்துக்கு வருடம் தேயும். ஆகவே அந்த 45-ஐக் கொண்டுபோய், படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் காட்டிச் சண்டை போட வேண்டாம். அது இங்கே செல்லாது.

எப்படி அளப்போம் என்று கேட்டால், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆளை மேஜையில் படுக்க வைத்து, முழங்கால் சிப்பிக்கு மேல் ஒரே உயரத்தில் இரண்டு தொடையிலும் பேனாவால் கோடு போட்டு, தையற்காரர் டேப் மாதிரி ஒன்றால் சுற்றளவு எடுப்போம். அடிபட்ட கால் சூம்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கோணமானியை வைத்துக் கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்போம். காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் இழுத்துப் பார்ப்போம். ஜவ்வு இல்லாவிட்டால் கெணுக்கென்று வெளியே வரும். பிறகு, “பைட்டோ, உட்டோ” என்போம். உட்கார்ந்து எழ வேண்டும். எலும்பு நிபுணர் தனியாகத் தன் கருத்தை எழுதியிருப்பார். மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போடுவோம். மேலே ஓர் அதிகாரி அதைப் பார்த்து ஒப்புதல் தருவார். ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

போவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்போம். “கோயி தக்லீஃப்?” ஏதாவது கஷ்டம் இருக்கிறதா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர், “நஹி சாப்” என்பார்கள். 24 வருடம் அப்படிச் சொல்லியே பழக்கம். வீட்டுக்குப் போகும் அவசரம் வேறு. ராணுவ நிலையங்களைக் காவல் காக்கும் டி.எஸ்.சி. படையில் மறுபடி சேர வேண்டும், உடம்பு சரியில்லை என்று தாளில் ஏறினால் அது போய்விடும் என்ற பயம் வேறு. அந்த “நஹி சாப்” அப்படியே தாளில் ஏறும். பத்து வருடம் கழித்து, “மனுதாரரே தனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்” என்று அரசு வக்கீல் அதைப் படித்துக் காட்டுவார்.

20 சதவீதத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1996 ஜனவரி 1 முதல் ஒரு ரவுண்டிங் முறை இருக்கிறது. படையில் ‘பிராட் பேண்டிங்’ என்பார்கள். 50-க்குக் குறைவாக இருந்தால் 50 ஆக்குவார்கள். 50 முதல் 75 வரை இருந்தால் 75. அதற்கு மேல் என்றால் 100. முதலில் இதை உடம்பு முடியாமல் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கு இல்லை என்றார்கள். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர்களுக்கும் உண்டு என்று முடித்துவிட்டது. ஏஜென்ட் சொல்லும் 50 இதுதான். அவர் கண்டுபிடித்த மந்திரம் ஒன்றுமில்லை.

பணமாக எவ்வளவு? 100 சதவீதம் குறை என்றால் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம், ஊன அம்சமாக வரும். குறை குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். கடைசி ஊதியம் 20,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 100-க்கு 6,000 ரூபாய். 20 சதவீதத்துக்கு 1,200. அதையே 50 ஆக்கினால் 3,000. இது இப்போது வாங்கும் சர்வீஸ் பென்ஷனுக்கு மேல் தனியாக வருவது. அகவிலை நிவாரணமும் அதன்மேல் சேரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய 2014-ம் ஆண்டு போர்டுத் தாளில், நோயின் பெயர் இருக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘இடது முழங்கால் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்’. அதாவது மூட்டுத் தேய்மானம். அதற்கு நேரே காரணக் கட்டத்தில், ‘வயது தொடர்பான தேய்மான நோய், பணியோடு தொடர்பில்லை’. ஓடை இல்லை, இரவு இல்லை, ரோந்து இல்லை. 2003-ல் விழுந்த விழுகையே காணாமல் போய்விட்டது. 11 வருடத்தில் ஒரு காயம் சத்தமில்லாமல் ஒரு நோயாக மாறியிருக்கிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காயமும் நோயும் இரண்டு வெவ்வேறு பாதைகளில் போகின்றன. காயம் என்றால் அது பணியால் வந்ததா என்று முடிவு செய்வது நிர்வாகத் தரப்பு. யூனிட் கமாண்டர் எழுதிய காய அறிக்கை, விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவு, இவற்றை வைத்து ரெக்கார்ட் ஆபீஸ் சொல்ல வேண்டும். நோய் என்றால் அதைச் சொல்வது டாக்டர்கள். டாக்டர் முன்னால் 42, 43 வயது ஆள் ஒருவர் நிற்கிறார், எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது. எக்ஸ்ரேயில் ஓடை தெரியாது. பழைய ஃபைலைப் புரட்ட நேரமில்லாதவர், கண்ணில் பட்டதை எழுதிவிட்டுப் போவார்.

நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஒரு காலைப் பொழுதில் பதினைந்து பேர் வரிசையில் நின்ற ஒரு போர்டில், லாரியிலிருந்து குதித்து முதுகில் அடிபட்ட ஓட்டுநர் ஒருவருக்கு ‘தண்டுவடத் தேய்மானம்’ என்று எழுதி ‘நானா’ போட்டோம். அவருடைய பழைய அட்மிஷன் தாள்கள் ஃபைலின் அடியில் இருந்தன. நான் அடிவரை போகவில்லை. பல வருடம் கழித்து காட்பாடி ஸ்டேஷனில் அவரே என்னை அடையாளம் கண்டு, “சாப், நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டு என் பெட்டியைத் தூக்க வந்தார். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பெல்ட்டும் ஒரு காரணம்.

விதிகள் என்னவோ சிப்பாய் பக்கம்தான் சாய்ந்திருந்தன. டிஸ்எபிலிட்டி பென்ஷன் யாருக்கு உண்டு என்று வகுத்த 1982-ம் ஆண்டு விதிகள் சொன்னது இது: சேரும்போது செய்த பரிசோதனையில் எந்தக் குறையும் எழுதப்படவில்லை என்றால் அவர் நல்ல உடம்போடு வந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், பின்னால் உடம்பு கெட்டு வெளியே போனால் அது பணியால் கெட்டது என்றே கொள்ள வேண்டும், நிரூபிக்கும் சுமை அவர்மேல் இல்லை, சந்தேகத்தின் பலன் அவருக்கே. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை வரிவரியாக எடுத்துப் படித்தது. அவருக்கு வலிப்பு நோய். போர்டு ‘நானா’ போட்டிருந்தது, காரணம் எழுதவில்லை. சேரும்போது இல்லாத நோய், இதனால்தான் வந்தது என்று போர்டு காரணமும் சொல்லவில்லை, பிறகு எப்படி மறுக்கிறீர்கள் என்று கேட்டு பென்ஷன் கொடுக்கச் சொன்னது. போர்டு டாக்டர்களின் கருத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் காரணம் எழுதாத கருத்துக்கு அந்த மதிப்பு இல்லை என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயங்களுக்கு வரும் பெரும்பாலான வழக்குகளில் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் நீட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றது 2008-ம் ஆண்டு விதிகள் நடப்பில் இருந்த காலத்தில். அதிலும், உரிமை கோருபவரை நிரூபிக்கச் சொல்லக் கூடாது என்பது பொதுவிதி. ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. வெளியே வந்து 15 வருடம் கழித்துக் கேட்டு, அதற்குள் பழைய ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் வந்து விழும். 2014-ஓடு 15-ஐக் கூட்டினால் 2029. அதனால்தான் ‘இன்னும் கேட்கலாமா’ என்ற உங்கள் கேள்விக்கு, கேட்கலாம், ஆனால் அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம் என்று சொல்கிறேன்.

காலதாமதம் பற்றிப் பயம் வேண்டாம். மாதாமாதம் வர வேண்டிய பென்ஷன் வராமல் இருப்பது ஒவ்வொரு மாதமும் புதிதாக நடக்கும் தவறு என்று 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் 1983-ல் வெளியே அனுப்பப்பட்டவர். 16 வருடம் கழித்துத்தான் நீதிமன்றம் போனார். பென்ஷன் கிடைத்தது. ஆனால் நிலுவை, வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும்தான். தாமதமாக வருகிறவர்களுக்குப் பொதுவாக இந்த அளவுதான் கிடைக்கிறது. ஏஜென்ட் ‘பத்து வருட நிலுவை’ என்று கணக்குப் போட்டுக் காட்டினால் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். பாதியை அவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. உங்கள் வீட்டுக்காரர் கையில் இருக்கும் அந்த 45 சதவீத அட்டை ராணுவத்தில் செல்லாவிட்டாலும் இங்கே செல்லும்.

இப்போது தாள் வேட்டை. 2014-ம் ஆண்டு போர்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதற்குள் பதில் இல்லை. உங்களுக்கு வேண்டியது 2003. ஆபரேஷன் முடிந்து கேட்டகிரி குறைத்தபோது ஒரு போர்டு நடந்திருக்கும். படிவம் 15 என்பார்கள். முதல்முறை அடிபட்ட சூட்டில் நடக்கும் அந்த போர்டில், எங்கே, எப்படி விழுந்தார் என்று எழுதியிருப்பார்கள். பல கேஸ்களில் ‘பணியால் வந்தது’ என்றுகூட அங்கேயே எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 2003-ல் டாக்டர்கள் ஆம் என்றும் 2014-ல் டாக்டர்கள் இல்லை என்றும் சொன்னால், நடுவில் என்ன மாறியது என்று கேட்டாலே போதும். அதற்கு அவர்களிடம் பதில் இருக்காது. அதோடு ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற காய அறிக்கை. கமாண்டிங் ஆபீசர் ‘பணியில் இருந்தார்’ என்று கையெழுத்துப் போட்ட தாள். அப்புறம் உதம்பூர் ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்.

இவற்றை எல்லாம் கேட்டு வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அவரே கையெழுத்திட்டு எழுத வேண்டும். இது அவருடைய உடம்பு பற்றிய ஆவணம், நீங்கள் கேட்டால் தயங்குவார்கள். ஆர்மி நம்பர், சேர்ந்த தேதி, வந்த தேதி, பென்ஷன் உத்தரவில் இருக்கும் பி.பி.ஓ. நம்பர் நான்கும் இருக்கட்டும். ‘எல்லா மருத்துவ ஆவணங்களும்’ என்று பொதுவாகக் கேட்டால் டிஸ்சார்ஜ் புக்கின் ஜெராக்ஸ் வந்து நிற்கும். ‘2003, 2004-ம் ஆண்டுகளின் கேட்டகரைசேஷன் போர்டு நடவடிக்கைகள்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அந்த மாவட்டத்தில் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருக்கிற ஊர்கள் இருப்பதால், அந்த அலுவலகத்துக்கு இந்தக் கடிதங்கள் பழக்கமானவை.

அதற்குள் அந்த ட்ரங்குப் பெட்டியை இன்னொரு தரம் குடையுங்கள். 2003-ல் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதியிருப்பாரே? ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ என்று ராணுவத் தபால் முகவரி போட்டு, ‘காலில் சின்ன அடிதான், பயப்படாதே’ என்று? அதில் எங்கே விழுந்தேன் என்று ஒரு வரி இருந்தால்கூடப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது முதல் ஆதாரம் ஆகாது. ஆனால் காய அறிக்கையைக் காணோம் என்று அவர்கள் சொல்லும்போது, அந்த மாதத்து முத்திரையோடு ஒரு கடிதம் மேஜைமேல் இருப்பது வேறு மாதிரி. அன்று கூட ரோந்து போன இரண்டு பேரிடம் உறுதிமொழிப் பத்திரமும் வாங்கலாம். நம் ஊர்க்காரர்கள் ரெஜிமெண்ட் தினத்தில் எப்படியும் ஒன்றுகூடுகிறவர்கள், தேடுவது கஷ்டமில்லை.

தாள்கள் கைக்கு வந்ததும் முதல் அப்பீல். நிராகரித்த கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் போட்டிருக்க வேண்டியது. அந்தக் கெடு போய்விட்டது, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி எழுதலாம். மறுத்தால் அல்லது பதிலே சொல்லாமல் இருந்தால், சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளை. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. ஒரு நீதிபதியும், முப்படையிலிருந்து வந்த ஒரு மூத்த அதிகாரியும் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டகிரி, போர்டு என்றால் என்ன என்று அங்கே பாலர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வழக்கறிஞரிடம் ஒன்றை மட்டும் தனியாகக் கேளுங்கள்: அந்த ரோந்து, அரசு அறிவித்த ஆபரேஷனில் நடந்ததா என்று. அப்படி இருந்தால் சாதாரண டிஸ்எபிலிட்டி பென்ஷனா, போர்க்காயத்துக்கான வார் இன்ஜுரி பென்ஷனா என்ற கேள்வி எழும். இரண்டாவதில் தொகை அதிகம். முழுக் காலமும் பணியாற்றி வந்தவர்களுக்கு அதில் 30-க்குப் பதிலாக 60 சதவீதம் அடிப்படை. ஆனால் அதற்கு ஆசைப்பட்டு முதல் வழக்கைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தம்பி விஷயம். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டகிரி குறைந்தால் கேடர் போகும், கேடர் போனால் புரமோஷன் போகும். இருபத்தெட்டு வயதில் எவனும் நாற்பத்தைந்து வயதுக் கணுக்காலைப் பற்றி யோசிக்க மாட்டான். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். வாலிபால் விளையாட்டுதானே, அது டியூட்டி ஆகுமா என்று அவன் நினைத்தால், ஆகும். படை ஏற்பாடு செய்த, அனுமதித்த விளையாட்டும் பணியாகவே கணக்கு என்று 1982 விதிகளிலேயே இருக்கிறது. லீவில் வீட்டுக்கு வரும் பயணமும் அப்படித்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கல்யாணத்துக்கு பைக்கில் போய் விழுந்தால் அது வேறு, அங்கே பணியோடு தொடர்பைக் காட்டுவது கஷ்டம்.

அவனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்குப் புது விதிகள். உடம்பு முடியாமல் பாதியில் அனுப்பப்படுகிறவர்களுக்குத்தான் டிஸ்எபிலிட்டி பென்ஷன் என்ற பெயர். குறையோடு பணியைத் தொடர்ந்து, காலம் முடித்து வருகிறவர்களுக்கு ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்று வேறு பெயர். அந்த வருடம் தணிக்கைத் துறை ஓர் அறிக்கை வைத்தது. 2015-16 முதல் 2019-20 வரை ஆண்டுதோறும் ஓய்வு பெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேர் டிஸ்எபிலிட்டி பென்ஷன் வாங்குகிறார்கள், ஜவான்கள், ஜே.சி.ஓ.க்களில் 15 முதல் 18 சதவீதம்தான் என்றது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் பேச்சுப்பொருள் ஆயின. முன்னாள் படைவீரர் சங்கங்கள் புது விதிகளை எதிர்த்துக் குரல் கொடுத்தன. என் கருத்தைக் கேட்டால், ஏசி அறையில் வந்த சர்க்கரையையும் ஓடையில் கிழிந்த ஜவ்வையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் இப்படி இறுக்கும்போதெல்லாம் முதலில் மாட்டுகிறவன், தாளைச் சேர்த்து வைக்கத் தெரியாத ஜவான்தான். மேலே இருக்கிற அந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே தெரியும், யாருக்குப் படிவம் நிரப்பத் தெரிகிறது என்று.

ஆகவே தம்பி நாளைக்கே யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குப் போய்க் காட்டட்டும். கணுக்கால் சுளுக்கு என்றால் சில வாரம் கடின வேலையிலிருந்து விலக்கு, எக்ஸ்க்யூஸ் கொடுப்பார்கள். எல்லாச் சுளுக்கும் கேட்டகிரி ஆகிவிடாது. ஆனால் பதிவேட்டில் தேதியோடு ஒரு வரி ஏறும். காய அறிக்கை போட்டால் அதன் நகலை போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவனை நம்பி விட்டால் அது அடுத்த போஸ்டிங்கில் தொலைந்துவிடும்.

ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து 2003-ம் ஆண்டு போர்டின் நகல் வந்தால் எனக்கு அதன் கடைசிப் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். பழைய கார்பன் பிரதி, எழுத்து மங்கலாகத்தான் இருக்கும். வாசலில் வெயில் படும் இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். இந்தத் தடவை அனுப்பியதில் உங்கள் பேத்தியின் விரல் சரியாகக் காரணக் கட்டத்தின் மேல் இருந்தது. அதைப் படிக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆயிற்று.